வாக்குச் சீட்டும் பாலினவாதமும்: அளவுகோல் ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் நடைபெற்ற அமெரிக்க அதிபர் தேர்தலில், ஹிலாரி கிளிண்டன் தம்மை எதிர்த்து நின்ற டோனல்ட் டிரம்பைக் காட்டிலும் ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள் மிகுதியாகப் பெற்றும் தோல்வியுற்றார். தேர்வாளர் குழுவில் டிரம்ப்புக்கு 304 வாக்குகளும் கிளிண்டனுக்கு 227 வாக்குகளும் கிடைத்தன. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மொத்தம் 78,000க்கும் குறைவான வாக்கு வேறுபாடே முடிவைத் தீர்மானித்தது. இத்தகைய நூலிழைத் தோல்விக்கு எந்தக் காரணத்தையும் பொருத்திக் காட்ட இயலும். அவ்வகையில் அன்றுதொட்டு இரு கூற்றுகள் வலம் வருகின்றன. அவர் பெண் என்பதாலேயே தோற்றார் என்பது ஒன்று. அவர் தோற்றதற்கும் பெண் என்பதற்கும் தொடர்பே இல்லை என்பது மற்றொன்று. 2024ஆம் ஆண்டில் கமலா ஹாரிஸ் அதே டிரம்பிடம் 226க்கு 312 என்ற கணக்கில் தோல்வியுற்றபோது இவ்விரு கூற்றுகளும் மீண்டும் உயிர்பெற்றன.

வாக்காளரின் பாலின மனப்பான்மை அவர்தம் வாக்கினை எவ்வளவு தூரம் இயக்குகிறது என்பதை அளந்து காட்ட முற்பட்ட ஆய்வுகள் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியுள்ளன. அவ்வாய்வுகளின் முடிவுகள் நம் நாட்டுக் கருத்தரங்குகளிலும் மாணவர்தம் ஆய்வேடுகளிலும் எவ்வித வினாவுமின்றி எடுத்தாளப்படுவதைக் காண்கிறேன். பாலினவாதம் தேர்தலில் இல்லை என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. உண்டு என்பதே என் துணிபு. ஆயின் அளக்கப்படுவது எது, அளவைக்கு அகப்படாது நழுவுவது எது, அளந்த முடிவினை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டாக வேண்டும்.

வாய் கூறுவதும் மனம் கூறுவதும்

தகுதிகள் யாவும் இருப்பின் ஒரு பெண்ணை அதிபர் பதவிக்குத் தேர்ந்தெடுப்பீரா என்னும் பொருள்பட அமைந்த வினாவைக் காலப் நிறுவனம் 1937ஆம் ஆண்டிலேயே அமெரிக்கர்களிடம் கேட்டது. அன்று ஆம் என்றோர் 33 விழுக்காட்டினர். 2015ஆம் ஆண்டில் அவ்விழுக்காடு 92. இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் மனமாற்றம் முற்றுப்பெற்றுவிட்டதென மகிழக்கூடும்.

அம்மகிழ்ச்சியைக் குலைத்தது 2006ஆம் ஆண்டில் திரட்டப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு. ஸ்ட்ரெப், பரெல், ஃபிரெட்ரிக், ஜெனோவீஸ் ஆகிய நால்வர் நிகழ்த்திய அவ்வாய்வு பட்டியல் சோதனை எனப்படும் உத்தியைக் கையாண்டது. வாக்காளரை இரு கூறாக்கி, ஒரு சாராரிடம் பெட்ரோல் விலை உயர்வு, விளையாட்டு வீரர்தம் கோடிக்கணக்கான ஊதியம் முதலிய 4 செய்திகளைக் கூறி, இவற்றுள் எத்தனை உமக்குச் சினமூட்டுகின்றன என வினவினர். எவை என்று கூற வேண்டியதில்லை. எண்ணிக்கை மட்டும் போதும். மற்றொரு சாராரிடம் அதே 4 செய்திகளோடு ஒரு பெண் அதிபராதல் என்பதை ஐந்தாவதாகச் சேர்த்தனர். இரு சாரார் கூறிய எண்ணிக்கையின் சராசரி வேறுபாடே ஐந்தாம் செய்தி சினமூட்டியோரின் விகிதம். அது ஏறத்தாழ 26 விழுக்காடாக அமைந்தது. நேரே கேட்டால் மறைக்கப்படும் மனநிலை, யார் எதைக் கூறினார் என்பது தெரியாதவிடத்து வெளிப்பட்டது எனலாம்.

நுட்பமான உத்தி, ஐயமில்லை. எனினும் சினமும் வாக்கும் ஒன்றல்ல. பெண் அதிபராவதை எண்ணிப் புழுங்கும் ஒருவர் தம் கட்சி ஒரு பெண்ணை நிறுத்தினால் முகஞ்சுளித்துக்கொண்டே அவருக்கு வாக்களிக்கவும் கூடும். அமெரிக்கத் தேர்தல்களில் கட்சிப் பற்றே முதற்காரணி என்பது அரசியலறிவியலார் பலரும் உடன்படும் கருத்து. மேலும், நாடாளுமன்றத் தேர்தல்களில் போட்டியிட்ட அமெரிக்கப் பெண் வேட்பாளர்கள், தம்மையொத்த ஆண் வேட்பாளர்களுக்கு நிகரான விகிதத்திலேயே வெற்றி பெறுகின்றனர் என்பது 1990களிலிருந்தே காட்டப்பட்டு வருகிறது. 26 என்னும் எண்ணை எடுத்துரைப்போர் இப்பிற்செய்தியை விட்டுவிடுதல் முறையன்று.

பகையும் பரிவும்

இத்துறையில் மிகுதியும் பயிலும் அளவுகோல் பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் ஆகிய இருவரும் 1996ஆம் ஆண்டில் உருவாக்கியதாகும். 22 கூற்றுகள் கொண்ட அவ்வளவுகோலில் 11 கூற்றுகள் பகைமைசார் பாலினவாதத்தை அளப்பன. எஞ்சிய 11 பரிவுசார் பாலினவாதத்தை அளப்பன. ஆண்களை ஆட்டிவைக்கவே பெண்கள் முனைகின்றனர், சிறு செயலையும் பாகுபாடெனப் பெரிதுபடுத்துகின்றனர் என்பன போன்ற எண்ணங்கள் முதல் வகையின. பெண் தூயவள், ஆணின் காப்பில் இருக்க வேண்டியவள், அவளின்றி ஆண் முழுமையடையான் என்பன போன்றவை இரண்டாம் வகையின. வெறுப்பும் போற்றுதலும் முரண்பட்டவை அல்ல, ஒரே ஏற்பாட்டின் இரு கைகள் என்பதே அவ்விருவர் காட்டிய புதுமை. தனக்கென வகுத்த இடத்தில் நிற்பவளுக்குப் பரிவு. இடம் பெயர்பவளுக்குப் பகை.

2000ஆம் ஆண்டில் 19 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்டோரிடம் இவ்வளவுகோல் பயன்படுத்தப்பட்டது. பகைமை மிகுந்த நாடுகளில் பரிவும் மிகுந்திருந்தது. அந்நாடுகளில் பெண்களின் நிலையோ தாழ்ந்திருந்தது. பகைமைசார் கூற்றுகளைப் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே ஏற்றனர். பரிவுசார் கூற்றுகளையோ சில நாடுகளில் ஆண்களுக்கு நிகராகவும் சிலவற்றில் கூடுதலாகவும் ஏற்றனர். இம்முடிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

2016: சினம் செய்த வேலை

ஷாஃப்னர், மெக்வில்லியம்ஸ், நெட்டா ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளை இன வாக்காளரிடையே கல்லூரிக் கல்வி பெற்றோரும் பெறாதோரும் 2016இல் ஏன் அத்துணை விலகி வாக்களித்தனர் என்று கேட்டது. பொருளாதார மனக்குறையைவிட, இனவாத மறுப்பும் பகைமைசார் பாலினவாதமும் அவ்விடைவெளியைப் பெரிதும் விளக்குகின்றன என்பது அவர்தம் முடிபு. அதே ஆண்டில் வாலண்டினோ, வெய்ன், ஒசீனோ ஆகிய மூவர் மற்றோர் உண்மையைக் காட்டினர். பாலினவாத மனப்பான்மைக்கும் வாக்குக்கும் இடையிலான தொடர்பு முந்தைய அதிபர் தேர்தல்களைக் காட்டிலும் 2016இல் வலுப்பெற்றது. அச்சம் மேலோங்கியவிடத்து அத்தொடர்பு தளர்ந்தது; சினம் மேலோங்கியவிடத்து இறுகியது.

என் நோக்கில் இவ்விரண்டாம் ஆய்வே ஆழமானது. மனப்பான்மை ஒருவர் உள்ளத்தில் உறங்கிக் கிடக்கலாம். அதனைத் தட்டியெழுப்பி வாக்குச் சாவடிக்கு நடத்திச் செல்வது பரப்புரை. 2008ஆம் ஆண்டு சனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் கிளிண்டனின் கூட்டத்தினிடையே இருவர் எழுந்து, என் சட்டைக்கு இஸ்திரி போடு என்று கூவினர். அது அன்று வெறும் குறும்பாகக் கருதப்பட்டது. 2016இல், பெண் என்னும் சீட்டைத் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை என்று எதிர்க்கட்சி வேட்பாளரே மேடையில் முழங்கினார். கூட்டத்தின் பின்வரிசைக் கூச்சல் எட்டாண்டுகளில் ஒலிபெருக்கிக்கு வந்துவிட்டது.

இவ்விடத்து மூன்று எச்சரிக்கைகளைக் கூற வேண்டியுள்ளது. தேர்தலுக்கு அண்மையில் கேட்கப்படும் வினாக்களுக்கு வாக்காளர் தம் கட்சியின் குரலிலேயே விடை கூறுதல் இயல்பு. எனவே மனப்பான்மை வாக்கைத் தந்ததா, முன்பே முடிவான வாக்கு மனப்பான்மையைத் தந்ததா என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று. 2020ஆம் ஆண்டில் இரு கட்சிகளின் அதிபர் வேட்பாளரும் ஆண்களே. அப்போதும் இத்தொடர்பு மறைந்துவிடவில்லை. பிரித்தானியாவின் 2019ஆம் ஆண்டுத் தேர்தல் பற்றிய ஆய்விலும் பகைமைசார் பாலினவாதம் பழைமைவாதக் கட்சிக்கான ஆதரவோடு இணைந்தே காணப்பட்டது. ஆகவே, இம்மனப்பான்மை ஒரு பெண் வேட்பாளருக்கு எதிரான வாக்கு என்பதைவிட, ஓர் அரசியல் முகாமின் அடையாளமாக மாறிவருகிறது எனல் பொருந்தும்.

இரண்டாவது, தொடர்பு வேறு, நிகர இழப்பு வேறு. பகைமை மிக்கோர் கிளிண்டனை விட்டு விலகியதைக் காட்டும் அதே கோடு, பகைமை குறைந்தோர் அவர்பால் நெருங்கியதையும் காட்டுகிறது. பாலினவாதம் இல்லாதிருந்தால் அவர் வென்றிருப்பார் என்னும் முடிவு இவ்வாய்வுகளில் இல்லை. அதனை நாமே உய்த்துணர்ந்து ஏற்றி உரைக்கிறோம்.

மூன்றாவது எண் பற்றியது. வாக்களித்து வெளிவந்தோரிடம் எடுத்த கணிப்பின்படி வெள்ளை இனப் பெண்களில் 52 விழுக்காட்டினர் டிரம்பை ஆதரித்தனர் என்ற செய்தி உலகெங்கும் பரவி, பெண்ணே பெண்ணுக்கு எதிரி என்னும் பழைய பல்லவிக்குத் துணையாயிற்று. பியூ ஆய்வு மையம் வாக்குப்பதிவேடுகளோடு சரிபார்த்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில் அது 47, கிளிண்டனுக்கு 45. பெரும்பான்மை என்பது அங்கு இல்லை. எனினும் முதலெண்ணே இன்றும் மேற்கோளாகி வருகிறது. அதனைத் திருத்தாது விட்ட ஆய்வேடு ஒன்றை அண்மையில் நானே தேர்வாளராக இருந்து திருப்பியனுப்ப நேர்ந்தது.

கில்லார்ட் விட்டுச்சென்ற அளவு

ஆஸ்திரேலியாவின் முதல் பெண் பிரதமர் சூலியா கில்லார்ட் 2012ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் நாடாளுமன்றத்தில், எதிர்க்கட்சித் தலைவரை நோக்கி நிகழ்த்திய உரை பலரும் அறிந்ததே. அவ்வுரைக்குப்பின் அந்நாட்டு மெக்குவாரி அகராதி, பெண்வெறுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குரிய பொருளை விரித்து, பெண்கள்பால் வேரூன்றிய முற்சாய்வு என்பதையும் சேர்த்தது. மொழித்துறையினராகிய நமக்கு இது சுவை தரும் செய்தி. 2013ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் தம் கட்சியினரின் வாக்கெடுப்பில் 45க்கு 57 என்ற கணக்கில் பதவியிழந்த அன்று அவர் கூறியதன் சாரம் இது: தாம் பெண் என்பது எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை, ஒன்றையும் விளக்காமலும் இல்லை, சிலவற்றை விளக்குகிறது. அளவுகோல் ஆய்வாளர் பலர் நூறு பக்கங்களில் எய்தாத நிதானம் இக்கூற்றில் உள்ளது. அவரை வீழ்த்தியது வாக்காளர் அல்லர், கட்சியினர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழாக்கத்தில் நழுவியது

முதுகலை மாணவர்க்கான கருத்தரங்க வகுப்பொன்றில், கிளிக், ஃபிஸ்க் ஆகியோரின் கூற்றுகளைத் தமிழில் பெயர்க்கும் பயிற்சியை அளித்திருந்தேன். இஃது ஆய்வன்று, பதினொருவர் கொண்ட வகுப்பில் நிகழ்ந்தது. பகைமைசார் கூற்றுகளைப் பெயர்ப்பதில் எவருக்கும் இடர்ப்பாடில்லை. படித்ததும் முகஞ்சுளித்து, இது பாகுபாடு என்றனர். ஆணால் போற்றிக் காக்கப்பட வேண்டியவள் பெண் என்னும் பொருள்தரும் கூற்றினைப் பெயர்த்தபோது வகுப்பு தடுமாறிற்று. பெயர்ப்பில் குறையில்லை. அக்கூற்று நன்னெறிப் பாடநூலின் ஒரு வரியாகவே ஒலித்தது. இதில் பாலினவாதம் எங்கே இருக்கிறது, ஐயா என்று வினவிய மாணவி தமிழாசிரியராகப் பத்தாண்டுப் பட்டறிவு உடையவர். மகளிர் நாள் வாழ்த்துரைகளில் இதனைத்தானே எழுதுகிறோம் என்றார் மற்றொருவர். எனக்கு உடனடியாக விடை கிடைக்கவில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது. அமெரிக்க ஆய்வுகளில் வாக்கோடு வலுவாகத் தொடர்புறுவது பகைமையே. பரிவின் பங்கு தெளிவற்றும் மெலிந்தும் காணப்படுகிறது. ஆகவே தேர்தல் ஆய்வாளர் பரிவினை ஒதுக்கிப் பகைமையை மட்டும் சில கூற்றுகளில் சுருக்கிக் கேட்கின்றனர். நம்மவர் அச்சுருக்கத்தையே இரவல் பெறுகின்றனர். பாலினவாதம் போற்றுரையாக உலவும் பண்பாட்டில் இச்சுருக்கம் அளக்கப்போவது எதனை?

நம் அரசியல் மரபில் பெண் தலைமை எப்பெயரால் ஏற்கப்படுகிறது என்பதை நோக்குக. செயலலிதா 'அம்மா'. மம்தா பானர்ஜி 'தீதி'. மாயாவதி 'பெஹன்ஜி'. நம் நாட்டில் வான் அசிசா 'காக் வான்'. தாயாகவோ தமக்கையாகவோ உறவுமுறை சூட்டப்பட்ட பின்னரே பொதுவெளி பெண்ணுக்கு இடம் தருகிறது. அண்ணா என்பதும் உறவுப்பெயர்தானே, தந்தை பெரியார் என்கிறோமே என்று கேட்கலாம். தகுந்த வினாவே. ஆயின் ஆணுக்கு அறிஞர், கலைஞர், தளபதி எனத் திறமும் தொழிலும் சுட்டும் பெயர்களும் வரிசையாகக் காத்திருக்கின்றன; உறவுப்பெயர் அவற்றுள் ஒன்று. செயலலிதாவுக்கு உறவு சாராது வழங்கிய 'புரட்சித் தலைவி' என்னும் பட்டமோ எம்.ஜி.ஆரின் 'புரட்சித் தலைவர்' பட்டத்திற்குப் பெண்பால் விகுதி சேர்த்தது. 2014ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றத் தேர்தலில், சிறந்த நிர்வாகி மோடியா இந்த லேடியா என்று அவர் கேட்டபோது உறவுப்பெயரை ஒரு கணம் கழற்றி வைத்துப் பெண் என்னும் பாற்பெயரையே முன்னிறுத்தினார். தமிழகத்தின் 39 தொகுதிகளுள் 37இல் அவர் கட்சி வென்றது. ஆயினும் மறுநாளும் அவர் அம்மாவே.

உறவுப்பெயர் பாதுகாப்பு, அதுவே தண்டனையும் ஆகும். மகப்பேறற்ற கில்லார்டை, வேண்டுமென்றே மலடாக இருப்பவர் என்று 2007இல் மேலவை உறுப்பினர் ஒருவர் ஏசிப் பின்னர் வருத்தம் தெரிவித்தார். நாட்டைக் குழந்தையற்ற பூனை வளர்க்கும் பெண்கள் ஆள்கின்றனர் என்று ஜே.டி. வான்ஸ் 2021இல் கூறியபோது சுட்டியவருள் ஹாரிசும் ஒருவர். அப்பேச்சு 2024ஆம் ஆண்டுத் தேர்தற்காலத்தில் மீண்டும் தலைதூக்கியபோது, ஹாரிசின் குடும்பத்தார், அவர் கணவரின் பிள்ளைகளுக்கு அவரும் தாயே என்று விடையிறுத்தனர். ஏசியவரும் காத்தவரும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருந்தனர் என்பதை எவரும் பெரிதாகப் பேசவில்லை. ஹாரிசின் தாயார் சியாமளா கோபாலன் தமிழகத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தவர். 2020ஆம் ஆண்டு தம் ஏற்புரையில் ஹாரிஸ் சித்தி என்ற சொல்லை உரைத்தபோது உலகத் தமிழர் நெகிழ்ந்தோம், நானும் நெகிழ்ந்தேன். நம் வீட்டுப் பெண் என்றோம். மார்பகப் புற்றுநோய் ஆய்வாளராகத் திகழ்ந்த தாயையும், கலிஃபோர்னியாவின் தலைமை வழக்குரைஞராக இருந்த மகளையும், வீட்டுப் பெண் என்னும் சிமிழில் அடைத்ததைப் பெருமை என்றே கருதினோம்.

யார் ஆயத்தமாக இல்லை?

நம் நாட்டிற்கு வருவோம். பெண்களுக்கு ஏன் கூடுதல் தொகுதிகள் வழங்கப்படவில்லை என்னும் வினா எழும்போதெல்லாம், வாக்காளர் இன்னும் ஆயத்தமாக இல்லை என்பது கட்சிகள் கூறும் விடை. அமெரிக்க ஆய்வுகள் இதற்குச் சான்றாகக் காட்டப்படும் நிலை வந்துவிட்டது என்பதே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

2022ஆம் ஆண்டு 15ஆம் பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத்திற்குப் போட்டியிட்ட 945 வேட்பாளருள் பெண்கள் 127 பேர். இது 13.4 விழுக்காடு. வென்றோர் 222 பேருள் 30 பேர். இது 13.5 விழுக்காடு. எளிதான தொகுதிகளா, கடினமான தொகுதிகளா எவை பெண்களுக்கு வழங்கப்பட்டன என்பதை அறியாது இவ்விரு விகிதங்களைக் கொண்டு முடிவு கூறிவிட இயலாது. எனினும் வாக்காளர் பெண்களைக் களையெடுத்தனர் என்று கூறுவோர்க்கு இவ்வெண்கள் உதவவில்லை. 2007ஆம் ஆண்டு மே மாதம் மக்களவையில் பத்து காஜா உறுப்பினரின் மாதவிடாயைச் சுட்டி இரு உறுப்பினர் இழிமொழி பேசினர். அடுத்த ஆண்டே அத்தொகுதி வாக்காளர் அப்பெண்ணையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.

மாறாக, 2014ஆம் ஆண்டு தெலுக் இந்தான் இடைத்தேர்தலைக் காட்டுவோர் உளர். இந்திய வாக்காளரும் கணிசமாக உள்ள அத்தொகுதியில் ஜனநாயகச் செயல் கட்சி டயானா சோஃபியா என்னும் இளம் பெண்ணை நிறுத்தியது. வேறொரு நடிகையின் நீச்சலுடைப் படம் அவருடையது எனப் பரப்பப்பட்டது. அவரது தோற்றமே பரப்புரையின் பேசுபொருளாயிற்று. ஓராண்டுக்கு முன் அக்கட்சி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெரும்பான்மையில் வென்ற தொகுதியை அவர் 238 வாக்குகளில் இழந்தார். 238 என்னும் எண் எக்காரணத்தையும் ஏற்கும். வாக்களிப்பு விகிதம் முந்தைய தேர்தலைவிடப் பெரிதும் சரிந்திருந்தது. வெளியூரில் பணிபுரிவோர் திரும்பவில்லை. எதிர்த்து நின்றவர் உள்ளூரில் நன்கறிமுகமானவர். இழிபரப்புரை எத்தனை வாக்குகளைக் கொண்டுபோயிற்று என்பதைக் கூற எவரிடமும் தரவில்லை. கில்லார்டின் அளவே இங்கும் பொருந்தும்: சிலவற்றை விளக்குகிறது.

வான் அசிசாவின் வரலாறு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1999இல் கணவர் சிறையிலிருந்தபோது பெர்மாத்தாங் பாவ் தொகுதியில் வென்றார். 2008இல் கணவருக்காகவே அத்தொகுதியைத் துறந்தார். 2015இல் கணவர் மீண்டும் சிறை செல்ல, அங்கேயே மீண்டும் நின்று வென்றார். 2018இல் நாட்டின் முதல் பெண் துணைப் பிரதமரானார். மூன்று முறையும் வாக்காளர் ஆயத்தமாகவே இருந்தனர். வருவதும் போவதும் வேறிடத்தில் முடிவாயின.

வேட்பாளர் பட்டியல் எழுதப்படும் அறைக்குள் ஆய்வாளர் எளிதில் நுழைய இயலாது. வாக்காளரிடம் வினாத்தாள் நீட்டுவதோ எளிது. எளிதானதையே அளந்துவிட்டு அளந்ததையே காரணம் என்கிறோம். அந்த 22 கூற்றுகளையும் செம்மையாகத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் பெயர்த்து, பரிவுசார் கூற்றுகளைச் சுருக்காது, முதற்கண் கட்சிகளின் தொகுதிப் பொறுப்பாளரிடமும் வேட்பாளர் தேர்வுக் குழுவினரிடமும் வைக்க வேண்டும். என் வகுப்பின் பதினொருவருள் இருவர் தமிழாக்கத்தைத் திருத்தும் பணியில் இப்போது ஈடுபட்டுள்ளனர். போற்றிக் காத்தல் என்னும் தொடரிலேயே அவர்கள் இன்னும் நிற்கின்றனர்.